மின்னஞ்சலின் அடியில் நான்கு வரிகள்: சிறு வணிகர்களுக்கான செய்முறை

பனங்கட்டியும் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பொதிசெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் யாழ்ப்பாணத்துச் சிறு நிறுவனம் ஒன்று, நாள்தோறும் விலைப்பட்டியல், பற்றுச்சீட்டு, விசாரணைக்கான பதில் எனப் பல மின்னஞ்சல்களை அனுப்புகிறது. அவை ஒவ்வொன்றின் அடியிலும் கட்டணமில்லாத விளம்பர இடம் இருந்தும், பலர் அங்கே ‘நன்றி’ என்று மட்டும் எழுதி விட்டுவிடுகிறார்கள்.

முதலில், ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் தானாகவே சேரும் வரிகளான ‘கையொப்பத்தில்’ வரவேண்டியவற்றைத் தாளில் எழுதுங்கள். பெயரும் பொறுப்பும், நிறுவனமும் ஊரும், தொலைபேசி இலக்கம், ஒரேயொரு இணைப்பு ஆகியவை போதும். 1995இல் வெளியான ஆர்எப்சி 1855 என்னும் இணைய ஒழுக்க வழிகாட்டியும் நான்கு வரிகளையே அளவாகச் சொல்கிறது.

தொலைபேசி இலக்கத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 021 என்று தொடங்கும் இலக்கத்தை ரொறன்ரோவில் இருப்பவர் அப்படியே அழுத்தினால் அழைப்பு நம்மிடம் வராது என்பதால், பூச்சியத்தை நீக்கி +94 21 என்று தொடங்குங்கள். வட்ஸ்அப் இணைப்புக்கு ‘டபிள்யூஏ டொட் எம்ஈ’ என்ற முகவரியின் பின் சாய்கோடிட்டு, 94ஐயும் முதற் பூச்சியம் நீங்கிய ஒன்பது இலக்கங்களையும் கூட்டற்குறியோ இடைவெளியோ இன்றிச் சேர்த்து எழுத வேண்டும்.

கையொப்பம் முழுவதையும் படமாக்காதீர்கள். நானும் முன்பு அழகாக வடிவமைத்த படமொன்றைத்தான் இட்டிருந்தேன். படங்களைத் தடுத்துவைக்கும் அவுட்லுக்கில் அது வெற்றுப் பெட்டியாகத் தெரிந்ததை ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் அறிந்தேன். தமிழ் வரிகளை யூனிகோடில் தட்டச்சிடுவதும் அவசியம். பாமினியில் இட்ட வரி, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும்.

அடுத்து, கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மேலே வலப்புறமுள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி, ‘சீ ஓல் செட்டிங்ஸ்’ என்பதற்குள் செல்லுங்கள். ‘ஜெனரல்’ பகுதியில் கீழிறங்கினால் ‘சிக்னேச்சர்’ வரும். அங்கே ‘கிரியேட் நியூ’ என்பதை அழுத்திப் பெயரிட்டு, வரிகளை இடுங்கள். புதிய அஞ்சலுக்கு முழுக் கையொப்பத்தையும், பதில்களுக்குப் பெயரும் இலக்கமும் மட்டுமுள்ள குறுகிய ஒன்றையும் தனித்தனியே தெரிவுசெய்யலாம். பக்கத்தின் அடியிலுள்ள ‘சேவ் சேஞ்சஸ்’ பொத்தானை மறந்தால் செய்ததெல்லாம் வீண். கைத்தொலைபேசிச் செயலியில் இதற்கெனத் தனி அமைப்பு உண்டு. அதில் எழுத்து மட்டுமே இடலாம்.

இணைப்பு வரியைப் பருவத்துக்கேற்ப மாற்றுங்கள். 25 நாள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வருவோரிடம், ‘வரும்போது கடையில் பெற்றுக்கொள்ள, பொதியை இப்போதே பதிவுசெய்யுங்கள்’ என்ற வரி, ‘எங்கள் இணையத்தளத்தைப் பாருங்கள்’ என்பதைவிட நன்றாகச் செல்லும். தேர் இருப்புக்கு வந்த பின்னும் அவ்வரி கிடந்தால், கடையைக் கவனிக்க ஆளில்லை என்றே வாசிப்பவர் எண்ணுவார்; ஆகவே நீக்க வேண்டிய நாளையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

இறுதியாக, வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அவருடைய தொலைபேசியிலிருந்தே இலக்கத்தையும் இணைப்பையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.