கேமராவை டி.ஹெச்.சி.பி.க்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டர்நெட் கனெக்‌ஷன் மாறும்போதுதான் பெரும்பாலும் இந்த வேலை, அதாவது கேமராவுக்கு ரௌட்டரே தானாக ஐ.பி. முகவரி கொடுக்கும் டி.ஹெச்.சி.பி. முறைக்கு மாறும் வேலை, வரும். பழைய ரௌட்டர் 192.168.1.1-இல் இருந்தது, புதிதாக மாட்டியது 192.168.0.1. கேமராக்களும், அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான என்.வி.ஆரும் பழைய சீரிஸிலேயே (192.168.1 என்று தொடங்கும் முகவரிகளில்), கையால் நிலையாகப் போட்ட ஸ்டேட்டிக் ஐ.பி.யோடு நிற்கின்றன. மொபைலில் படம் வரவில்லை. உடனே என்.வி.ஆரின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து டி.ஹெச்.சி.பி.யை டிக் செய்துவிடுகிறார்கள்.

தவறு அங்கேயே தொடங்குகிறது. ரெக்கார்டிங்குக்கு இன்டர்நெட் வேண்டாம். ஒரே நெட்வொர்க் சுவிட்சில் (கேபிள்களை இணைக்கும் பெட்டி), ஒரே சீரிஸில் இருக்கும்வரை கேமராவும் என்.வி.ஆரும் ரௌட்டரின் தயவில்லாமலே பேசிக்கொள்ளும். என்.வி.ஆர் மட்டும் புது சீரிஸுக்குப் போய்விட்டால் மொபைல் ஆப்பில் ‘ஆன்லைன்’ என்று வரும். உள்ளே எல்லாக் கட்டமும் கறுப்பாக இருக்கும். ஒரு மளிகைக் கடையில் இப்படி ஒன்பது நாள் பதிவு போனதைப் பார்த்திருக்கிறேன். ‘ஆன்லைன்’ என்றிருந்ததால் கடைக்காரர் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கல்லாவில் பணம் குறைந்த அன்றுதான் தேடினார்.

அதனால் மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். புது ரௌட்டரின் லேன் முகவரியைப் பழையபடி 192.168.1.1 என்று வைத்து, கேமராக்களின் முகவரிகளை அதன் டி.ஹெச்.சி.பி. பூலுக்கு (ரௌட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகளின் வரம்பு) வெளியே விட்டுவிட்டால் பல இடங்களில் வேலை முடிந்துவிடும். கேமராவைத் தொடவே வேண்டாம்.

மாற்றுவது என்று முடிவானால், ரிசர்வேஷன் (இந்தக் கேமராவுக்கு எப்போதும் இந்த முகவரிதான் என்று ரௌட்டரில் ஒதுக்கிவைப்பது) போடாமல் டிக் செய்யாதீர்கள். நான் அதிகம் பார்த்த தவறும், சேதம் அதிகமான தவறும் இதுதான். டி.ஹெச்.சி.பி.யில் முகவரி வாடகைக்குத்தான் கிடைக்கிறது. லீஸ் காலம் பாதி கடந்ததும் கேமரா புதுப்பித்துக் கேட்கும், ரௌட்டரும் அதே முகவரியைத் தரும். மாதக்கணக்கில் எதுவும் மாறாது. ‘மாறவே இல்லையே’ என்று நாமும் விட்டுவிடுவோம். ஒருநாள் ரௌட்டரை ரீசெட் செய்வார்கள். யார் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கு அதற்கு மறந்துபோகும். மூன்றாவது கேமராவுக்கு முதல் கேமராவின் முகவரி கிடைத்துவிடலாம். எல்லாம் ஒரே மாடல், ஒரே பாஸ்வேர்டு என்றால் என்.வி.ஆர் எந்த எச்சரிக்கையும் தராது. ‘கல்லா’ என்று பெயரிட்ட சேனலில் பின்வாசல் பதிவாகிக்கொண்டிருக்கும். கேமரா நின்றுபோனால்கூடத் தெரிந்துவிடும்; இது தெரியாது.

மாற்றும் முன் ஒவ்வொரு கேமராவின் மேக் அட்ரஸையும் (கருவிக்கே உரிய மாறாத அடையாள எண்) ஸ்டிக்கரிலிருந்தோ செட்டிங்ஸிலிருந்தோ எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே இப்போதைய ஐ.பி.யையும் எழுதுங்கள். ரௌட்டர் அந்தப் பழைய சீரிஸில் இருந்தால், அந்த மேக் அட்ரஸுக்கு அதே ஐ.பி.யை ரிசர்வ் செய்துவிட்டு, பிறகு டிக் செய்யுங்கள். என்.வி.ஆரில் ஒன்றையும் திருத்த வேண்டியதில்லை. ரிசர்வ் செய்யும் முகவரி பூலுக்குள் இருந்தால்தான் சில ரௌட்டர்கள் ஏற்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கேமராவை மாற்றி, ரீஸ்டார்ட் செய்து, படம் வந்ததைப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். பதினாறு கேமராவையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது எங்கே போனது என்று தேடவே அரை நாள் ஆகும்.

என்.வி.ஆரின் பின்னாலுள்ள பி.ஓ.இ. போர்ட்டுகளில் (ஒரே கேபிளில் மின்சாரமும் நெட்வொர்க்கும் தருபவை) நேரடியாகச் சொருகிய கேமராக்களை விட்டுவிடுங்கள். பெரும்பாலான மாடல்களில் என்.வி.ஆரே தனி சீரிஸில் அவற்றுக்கு முகவரி கொடுத்து வைத்திருக்கும். ரௌட்டருக்கு அவை தெரியவே தெரியாது.

கரண்ட் போய் வரும் ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கேமரா சீக்கிரம் எழுந்துவிடும், ரௌட்டர் தாமதமாக எழும். கேட்டபோது பதில் சொல்ல ஆளில்லை என்றால், சில கேமராக்கள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே போட்டுக்கொள்ளும். இன்னும் சில, தயாரித்த கம்பெனி போட்டு அனுப்பிய ஐ.பி. முகவரிக்குத் திரும்பிவிடும். ஹிக்விஷனுக்கு 192.168.1.64, தாஹுவாவுக்கு 192.168.1.108. அப்படி நான்கு கேமரா ஒரே முகவரியில் நின்றால் ஒன்றும் சரியாகத் தெரியாது. டி.ஹெச்.சி.பி.க்கு மாறும் இடத்தில் ரௌட்டருக்கும் சுவிட்சுக்கும் யு.பி.எஸ். கட்டாயம் என்பேன்.

வைஃபைக்காக மூலையில் மாட்டிய பழைய ரௌட்டரையும் மறக்காதீர்கள். அதில் டி.ஹெச்.சி.பி. அணைக்காமல் இருந்தால், இருவர் முகவரி கொடுப்பார்கள், கேமரா முதலில் வந்ததை வாங்கிக்கொள்ளும். என்.வி.ஆருக்குப் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரௌட்டர் என்.வி.ஆரின் ஐ.பி.க்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டிருந்தால் அந்த ஐ.பி.யும் ரிசர்வேஷனில் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் லைவ் படம் வந்ததோடு கிளம்பிவிடாதீர்கள். ரௌட்டர், சுவிட்ச், என்.வி.ஆர் மூன்றையும் ஒருமுறை வேண்டுமென்றே அணைத்துப் போடுங்கள். மறுநாள் ஒவ்வொரு சேனலிலும் பிளேபேக் திறந்து, பெயரும் காட்சியும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.