சிறுநகரில் கடைகள் பெருகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய நகரம் ஒன்றின் எல்லையில் பெரிய வணிக வளாகம் வரப்போகிறது என்ற செய்தி பரவியதும், எத்தனை சதுர மீட்டர், எத்தனை பேருக்கு வேலை என்ற இரண்டு கேள்விகளைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்தச் சதுர மீட்டரில் நடக்கப்போகும் விற்பனைக்கான பணம் இதுவரை எந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது என்ற கேள்வி, பெரும்பாலும் கட்டடம் எழும்பி, பழைய கடைத்தெருவில் நாலைந்து கதவுகள் மூடிய பிறகே எழுகிறது. ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊரில் மக்கள் கடைகளில் செலவிடும் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. புதுக்கடை திறந்துவிட்டது என்பதற்காக எந்தக் குடும்பமும் இரண்டு மடங்கு சோப்பு வாங்கப்போவதில்லை.

ஆகவே, கட்டடத்தின் பரப்பையே வளர்ச்சியின் அளவாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. ஓர் ஊரின் சில்லறை வணிகம் உண்மையிலேயே பெருகுவதற்கு மூன்று வழிகளே இருக்கின்றன: வெளியூருக்குச் சென்று வாங்கியவர்கள் உள்ளூரிலேயே வாங்கத் தொடங்கலாம், சுற்றுவட்டாரத்திலிருந்து புதியவர்கள் வரலாம், ஊரின் மக்கள்தொகையோ வருமானமோ உயரலாம். இந்த மூன்றிலும் அடங்காத ஒவ்வொரு காசும் வேறொரு கடையின் கல்லாவிலிருந்து இடம் மாறி வந்ததுதான்.

இதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்த்துவிடலாம். ஊரின் ஓராண்டு மொத்த விற்பனை 100 பங்கு என்றும், புதிய பெருங்கடை பிழைத்திருக்க 30 பங்கு விற்பனை வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அதில் 12 பங்கு வெளியிலிருந்து வந்தால் மீதி 18 பங்கு இருக்கும் கடைகளிலிருந்துதான் வரவேண்டும். இனி அந்தக் கடைகளில் ஒன்றின் கணக்கேட்டைத் திறந்து பாருங்கள். அது 100-க்கு விற்றபோது கொள்முதல் போக 20 மிஞ்சியது. வாடகை, சம்பளம், மின்கட்டணம் என்று 15 போய், கடைக்காரர் கையில் 5 நின்றது. விற்பனை 82-ஆகக் குறையும்போது கொள்முதல் போக மிஞ்சுவது 16.4, செலவோ அதே 15. கையில் நிற்பது 1.4 மட்டுமே. விற்பனை ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. இலாபத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போய்விட்டது. "நல்ல கடை என்றால் போட்டியைச் சமாளிக்கட்டும்" என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். புதிய கடை தரும் வேலைகளை எண்ணுபவர்கள், இப்படிச் சுருங்கும் கடைகளில் போகும் வேலைகளைக் கழித்த பிறகே எண்ணிக்கையைச் சொல்லவேண்டும்.

வெளியிலிருந்து வருவோரின் எண்ணிக்கையை மிகைப்படுத்துவது இதையொட்டி வரும் தவறு. திட்ட அறிக்கைகளில் ஊரை நடுவில் வைத்து 30 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் வாழும் அனைவரையும் வாடிக்கையாளர்களாக எண்ணிவிடுகிறார்கள். மக்கள் வட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கடைக்குப் போவதில்லை. இரண்டு நகரங்களுக்கு இடையிலுள்ள ஊரின் வணிகத்தை அந்த நகரங்கள், தத்தம் மக்கள்தொகைக்கு நேர்விகிதத்திலும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் ஈர்க்கின்றன என்று அமெரிக்கரான வில்லியம் ரெய்லி 1931-இல் ஒரு விதியை முன்வைத்தார். கரடுமுரடான விதிதான், ஆனாலும் ஆசையைக் கட்டுக்குள் வைக்க அது போதும். 40,000 பேர் வாழும் நகரத்துக்கும் 1,60,000 பேர் வாழும் நகரத்துக்கும் இடையே 30 கிலோமீட்டர் தூரம் இருந்தால், இரண்டின் ஈர்ப்பும் சமமாகும் இடம் சிறிய நகரத்திலிருந்து 10 கிலோமீட்டரில் விழுகிறது. பெரிய நகரம் இருக்கும் திசையில் 30 என்று எண்ணிய ஆரம் உண்மையில் 10-தான். துணியும் நகையும் வாங்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகிறவர்கள்கூட அன்றாடச் சாமான்களுக்கு அருகிலுள்ள கடையைத்தான் நாடுவார்கள் என்பதால், பொருளுக்குப் பொருள் இந்த எல்லை மாறும் என்பதையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

அடுத்து, இடம். புறவழிச்சாலையோரத்தில் நிலம் மலிவு, ஓரிருவரிடம் பேசி வாங்கிவிடலாம், லாரிகள் தடையின்றி வந்துபோகும். கட்டுமான நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால் இவை யாவும் நியாயமான காரணங்களே. ஆனால் நகரம் அங்கே தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் தெருவிளக்கையும் பேருந்தையும் நீட்டவேண்டியிருக்கிறது. கார் இல்லாதவர்கள், முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கடைகளை அணுகவே முடியாமல் போகிறது. முற்றிலும் கூரையிட்டு, குளிரூட்டி, உள்நோக்கித் திரும்பிய நவீன மாலின் முன்மாதிரி 1956-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ஈடைனா என்ற ஊரில் திறக்கப்பட்ட சவுத்டேல். அதை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் க்ரூன். வீடுகளும் பள்ளியும் பூங்காவும் மருத்துவ நிலையமும் சூழ, நடந்தே செல்லக்கூடிய ஓர் ஊர் நடுவம் புறநகருக்குக் கிடைக்கவேண்டும் என்பதே அவருடைய எண்ணம். கட்டப்பட்டதோ மாலும் அதைச் சுற்றிய கார் நிறுத்துமிடமும். அந்த வடிவம் ஊர் ஊராகப் பிரதியெடுக்கப்பட்டபோது, பிற்காலத்தில் க்ரூனே அதைத் தன் பிள்ளை என்று ஏற்க மறுத்தார். வரைபடத்தில் மாலைச் சுற்றி வீடுகளும் மரங்களும் அழகாகத் தீட்டப்பட்டிருந்தால், அவை எந்தக் கட்டத்தில், யாருடைய செலவில் வரும் என்பதை அனுமதி ஆணையிலேயே எழுதி வாங்காமல் விடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பழைய கடைத்தெருவைக் காப்பாற்ற நினைப்பவர்களும் தவறுகிறார்கள். வேறோர் ஊரில் பலித்ததை அப்படியே கொண்டுவந்து ஒட்டுவது அவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரம் 1959-இல் தன் முதன்மைக் கடைத்தெருவை வாகனங்களுக்கு மூடி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. பல நகரங்கள் அதைப் பின்பற்றின. பலவும் பின்னர்க் கைவிட்டன. கலமசூவே 1998-இல் ஒரு பகுதியை மீண்டும் வாகனங்களுக்குத் திறந்தது. ஏறத்தாழ 80,000 பேர் வாழும் ஸ்பெயின் நகரமான பொன்தேவேத்ராவோ 1999 முதல் தன் நடுப்பகுதியிலிருந்து வாகனங்களைப் பெருமளவு விலக்கி, இன்றுவரை அந்த முடிவில் நிலைத்திருக்கிறது. கல் பதிப்பதிலோ இருக்கைகள் போடுவதிலோ அந்த வேறுபாடு இல்லை என்றே நான் கருதுகிறேன். பொன்தேவேத்ராவில் மக்கள் நகர நடுவிலேயே குடியிருந்தார்கள். ஓரத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வரக்கூடிய தூரத்தில் எல்லாம் இருந்தது. எல்லையில் பெரிய வணிக வளாகங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. குடியிருப்போர் வெளியேறிவிட்ட தெருவை, வாடிக்கையாளர்கள் புறநகருக்குப் போகத் தொடங்கிய பிறகு வாகனங்களுக்கு மூடினால், தெரு இன்னும் வெறிச்சோடும்.

பார்க்கிங் பற்றிய தவறு எல்லாவற்றையும்விட நிலத்தை விழுங்குவது. ஒரு காருக்கு, அது நிற்கும் இடத்தோடு உள்ளே வந்து திரும்பிச் செல்லும் வழியையும் சேர்த்தால், 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிறது. 200 கார்கள் நிற்கவேண்டும் என்று விதி கேட்டால் 5,000 முதல் 6,000 சதுர மீட்டர் நிலம் தேவை. ஆண்டில் கூட்டம் மிகுந்த ஒருசில நாள்களை அளவாகக் கொண்டு இந்த எண்ணிக்கையை விதிப்பதால், மற்ற நாள்களில் பாதித் தளம் வெயிலில் காய்ந்து கிடக்கிறது; மழை பெய்தால் ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்காமல் வடிகாலை நிரப்புகிறது. சிறிய கடை தொடங்க வருபவருக்கோ இந்த விதியே பெரும் தடை: பழைய தெருவிலுள்ள ஒரு குறுகிய மனையில் கடையும் வரவேண்டும், எட்டுக் கார்களும் நிற்கவேண்டும் என்றால் அவர் கட்டடத்தையே கைவிடுவார். இப்படிக் கட்டாயமாக்கப்படும் இலவசப் பார்க்கிங்கின் செலவு பொருள்களின் விலையிலும் வாடகையிலும் ஒளிந்துகொண்டு எல்லோர் தலையிலும் விழுகிறது என்பதைப் பொருளியலாளர் டொனால்ட் ஷூப் பல ஆண்டுகள் எடுத்துரைத்தார். தெருவோர நிறுத்துமிடங்களில் ஏறக்குறைய 85 விழுக்காடு நிரம்பி, எப்போதும் ஒன்றிரண்டு இடங்கள் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வைக்கவேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் குறைந்தபட்ச பார்க்கிங் விதியை நகரம் முழுவதும் நீக்கியது. கடைத்தெருவில் இடமே இல்லை என்று புகார் எழும் ஊர்களில், முன்வரிசை இடங்களைக் காலையிலேயே பிடித்துக்கொள்வது கடை உரிமையாளர்கள், ஊழியர்கள் ஆகியோரின் வண்டிகள்தானா என்பதை ஒருநாள் நின்று எண்ணிப் பார்ப்பது, புதிய நிறுத்துமிடம் கட்டுவதைவிட மலிவான வேலை.

கட்டடத்தின் முகப்பு சிறிய விஷயமாகத் தோன்றும். தெருவின் உயிர் அதில்தான் இருக்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் 6 மீட்டர் அகலமுள்ள ஒரு கடையை நான்கரை நொடிகளுக்குள் கடக்கிறார். ஆகவே 60 மீட்டர் நீளத்தில் அத்தகைய பத்துக் கடைகள் இருந்தால், நான்கைந்து நொடிக்கு ஒருமுறை ஒரு கதவும், ஒரு சாளரமும், உள்ளே ஒரு முகமும் அவர் கண்ணில் படுகின்றன. அதே 60 மீட்டரில் ஒற்றைக் கதவு கொண்ட ஒரே கட்டடம் நின்றால், முக்கால் நிமிடம் அவர் வெற்றுச்சுவரை ஒட்டி நடக்கிறார்; அடுத்த முறை எதிர்ப்புறம் போய்விடுவார், அல்லது வரமாட்டார். பெரிய கடைக்கு நடுவூரில் இடம் தருவது நல்லதே. ஆனால் தெருவைப் பார்த்த பகுதியில் சிறிய கடைகளை வைத்து, பெருங்கடையை அவற்றின் பின்னாலும் மேலேயும் அமைக்கவேண்டும் என்று கேட்காமல் அனுமதி தருவது தவறு. பழைய கட்டடங்களை ஒட்டுமொத்தமாக இடிப்பதும் இதைச் சார்ந்த பிழை. புதுக் கட்டடத்தின் கட்டுமானச் செலவு வாடகையாகத்தான் திரும்பி வரவேண்டும். அந்த வாடகையைச் சைக்கிள் பழுதுபார்ப்பவரோ தையற்காரரோ முதல் முறையாகத் தொழில் தொடங்கும் இளைஞரோ கொடுக்க இயலாது. புதிய முயற்சிகளுக்குப் பழைய கட்டடங்கள் தேவை என்று நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேகப்ஸ் 1961-இல் எழுதியது வாடகைக் கணக்கைப் பற்றித்தான்.

வரிச்சலுகை பேரத்தில் சிறுநகரங்கள் மிக எளிதில் ஏமாறுகின்றன. "நீங்கள் சலுகை தராவிட்டால் பக்கத்து ஊருக்குப் போய்விடுவோம்" என்ற ஒரு வரிக்கு அஞ்சி, பத்தாண்டு வரியை விட்டுக்கொடுத்து, சாலையையும் வடிகாலையும் பொதுச்செலவில் போட்டுத் தருகிறார்கள். மக்கள்தொகை வலுவாக இருந்தால் அந்த நிறுவனம் சலுகையின்றியும் வந்திருக்கும்; இல்லாவிட்டால் சலுகை முடிந்ததும் போய்விடும். திட்டத்துக்குத் திட்டம் வரி வருவாயை ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பார்க்காமல், ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு எவ்வளவு என்று பார்க்கவேண்டும். மேலே வீடுகளும் கீழே கடைகளுமாக நெருங்கி நிற்கும் பழைய வரிசை, பார்க்கிங் தளத்தோடு பரந்து கிடக்கும் ஒற்றைத்தளப் பெருங்கடையை இந்த அளவில் பலமுறை முந்திவிடுகிறது. ஒப்பந்தத்தில் வெளியேறும் நாளைப் பற்றி எழுதாமல் விடுவது இன்னும் வருத்தமானது. கடையை மூடிய பிறகும் குத்தகையைக் கையில் வைத்துக்கொண்டு, அல்லது நிலத்தை விற்கும்போதே நிபந்தனை போட்டு, அந்த இடத்துக்குப் போட்டியாளர் வராமல் தடுப்பது பெருநிறுவனங்களிடம் அறியப்பட்ட வழக்கம். அத்தகைய நிபந்தனை கூடாது என்றும், கட்டடம் குறிப்பிட்ட மாதங்களுக்கு மேல் காலியாகக் கிடந்தால் பிரித்து வாடகைக்கு விடவோ இடிக்கவோ முன்வைப்புத் தொகை இருக்கவேண்டும் என்றும் தொடக்கத்திலேயே கேட்கலாம். கடை திறந்த பிறகு கேட்டால் யாரும் செவிசாய்க்கமாட்டார்கள்.

சட்டம் ஒன்றே காப்பாற்றும் என்று நம்பிச் சும்மா இருப்பதும் கூடாது. பிரான்ஸ் 1973-லேயே பெரிய கடைகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 40,000-க்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்கு 1,000 சதுர மீட்டர் என்றும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 1,500 என்றும் வரம்பு வைத்தது. அதன் பிறகும் அந்நாட்டில் மாபெரும் அங்காடிகள் பெருகவே செய்தன. இங்கிலாந்தில் 1996 முதல் பின்பற்றப்படும் முறை எளிமையானது: நகர நடுவில் பொருத்தமான இடம் இல்லை, அதன் விளிம்பிலும் இல்லை என்று காட்டிய பிறகே வெளியே கட்டக் கேட்கலாம். எந்த விதியானாலும் அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளூரில் கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும்.

அந்தக் கணக்குக்குப் பெரிய செலவு இல்லை. வளாகத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்த அன்றே, கடைத்தெருவில் திறந்திருக்கும் கடைகள் எத்தனை, பூட்டிக்கிடப்பவை எத்தனை, ஒரு வேலைநாளிலும் ஒரு விடுமுறை நாளிலும் காலை, மாலை தலா ஒரு மணி நேரத்தில் நடந்துபோகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எழுதி வைக்கவேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முறையில் எண்ணவேண்டும். வளாகத்தின் இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கேட்டு வரும்போது, மேசைமேல் முதலில் விரிக்கவேண்டிய தாள் அதுதான்.