அம்மாவின் பில்லில் 150 பவுண் கழிந்த கதை

லண்டனில் இருக்கும் அம்மாவுக்கு பென்ஷன் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணம், வருகிறது. வீட்டுக் கரண்ட் பில்லும் அவர் பெயரில்தான். அப்படி இருந்தால் குளிர்காலத்தில் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்ற அரசாங்கத் திட்டக் கழிவு 150 பவுண் கரண்ட் பில்லில் தானாகவே கழிய வேண்டும். பக்கத்து வீட்டில் கழிந்துவிட்டது, இங்கே ஒன்றையும் காணோம்.

கரண்ட் கம்பனியைக் கேட்டால் அரசாங்கம் அனுப்பிய பட்டியலில் பெயர் இல்லையாம். பென்ஷன் ஆட்களோ, கிரெடிட் ஒழுங்காகப் போகிறது, மற்றது எங்கள் வேலையில்லை என்றார்கள். காஸ் வேறு கம்பனி, அங்கே கேட்டும் பயனில்லை, கழிவு கரண்ட் கணக்குக்குத்தான்.

அப்புறம் பில்லையும் பென்ஷன் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பென்ஷனில் அம்மா பெயர் முன்னால், அப்பா பெயர் பின்னால். பில்லில் கம்பனிக்காரர்கள் அதைத் தலைகீழாகப் போட்டு, போதாததற்கு ஓர் எழுத்தையும் விழுங்கியிருந்தார்கள். இரண்டு பதிவையும் கம்ப்யூட்டரில் பொருத்தித்தான் ஆளைத் தேர்கிறார்கள், பொருந்தாவிட்டால் ஹெல்ப்லைனுக்கு போன் எடுக்கச் சொல்லிக் கடிதம் வரும். தேடினால் அதுவும் இருந்தது, சூப்பர்மார்க்கெட் விளம்பரங்களுக்கு நடுவில்.

அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்தேன், அவர் வாயால் சம்மதம் கேட்பார்கள். கணக்கு எண்ணோடு, பெயரைத் திருத்தாமல் பில்லில் உள்ள பிழையோடேயே எழுத்தெழுத்தாகச் சொன்னேன். உடனே அகப்பட்டது! அடுத்த பில்லில் 150 கழிந்திருந்தது, நிம்மதி. கம்பனியில் பெயரைத் திருத்தியது அதற்குப் பிறகுதான்.