பஸ்ஸில் போகும்போதே ஜெர்மன் படிக்கலாமுங்க

வீடு அவிநாசி, வேலை திருப்பூர் பனியன் கம்பெனி, இதில் ஜெர்மன் படிக்க எங்கே நேரம் என்பவர்களுக்குத்தான் இது.

சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதன் பாலைக் காட்ட ஒரு குட்டிச் சொல் வரும்; டேர், டீ, டாஸ் மூன்றில் அது எது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். கண்ணெதிரே இருப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்: பட்டனுக்கு டேர் க்னோப்ஃப், பேன்ட்டுக்கு டீ ஹோசே, சட்டைக்கு டாஸ் ஹெம்ட். இதற்கு லாஜிக் தேடினால் தலைவலிதான் மிச்சம்.

பீஸ் எண்ணும்போது ஜெர்மனில் எண்ணுங்கள். 21 என்றால் அவர்கள் ஒன்றை முதலில் சொல்லி, இருபதை அப்புறம் சொல்வார்கள். வாய்க்குப் பழகாமல் விட்டால், பையர் போனில் சொல்லும் 54-ஐ நீங்கள் 45 என்று குறித்துவைப்பீர்கள், அப்புறம் ஆர்டர் கோவிந்தா.

கொஞ்சம் அடிப்படை வந்ததும் பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் தளத்தில் செய்தியை மெதுவாக வாசித்து இலவசமாகப் போடுகிறார்கள், எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். முதல் தடவை சும்மா கேளுங்கள், அடுத்து வரியைப் பார்த்தபடி, அதற்கடுத்து கூடவே முணுமுணுத்தபடி. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

மறந்த சொற்களுக்கு, கேள்வி பதில் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆன்கி (Anki) ஆப் இருக்கிறது. டீக்கடையில் நிற்கும் நேரம் அதற்குப் போதும்.