டிஜிட்டல் மிக்சருக்கு எந்த நெட்வொர்க் கேபிள்? கடலோர மைக்செட்காரர்களுக்கு

ஏர்வாடி சந்தனக்கூடு, தங்கச்சிமடம் மாதா கோயில் திருவிழா, ஊருக்கு ஊர் முளைப்பாரி என்று இப்போது எங்கும் டிஜிட்டல் மிக்சர்தான். பல மைக் வயர்களை ஒன்றாகக் கட்டிய தடி ஸ்னேக் கேபிளைச் சுமந்த இடத்தில், மேடையையும் மிக்சரையும் இணைக்க ஒற்றை நெட்வொர்க் கேபிள். அதைக் கணினிக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

படி 1: உங்கள் மிக்சர் கேபிள் வழியே ஒலியை எந்த முறையில் அனுப்புகிறது என்று பாருங்கள். பெரிஞ்சர் எக்ஸ்32, எஸ்16 ஸ்டேஜ் பாக்ஸ் (மேடையில் மைக்குகளைச் செருகும் பெட்டி) என்றால் ஏஇஎஸ்50 என்ற முறை. சாக்கெட் கணினி நெட்வொர்க்கின் ஆர்ஜே45 போலவே இருக்கும். ஆனால் நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி) போட்டால் வேலை செய்யாது. டான்டே என்ற இன்னொரு முறை என்றால் கிகாபிட் ஸ்விட்ச் போடலாம், அதில் மின்சேமிப்பு வசதி மட்டும் அணைந்திருக்க வேண்டும்.

படி 2: நீளம். உச்ச வரம்பு 100 மீட்டர். கேபிள் நேர்கோட்டில் போகாது. கம்பத்தில் ஏறும், பந்தலைச் சுற்றும். போகிற வழியிலேயே டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். நான் 80 மீட்டரைத் தாண்ட விடுவதில்லை.

படி 3: கேபிளின் தரம். கேட் 5இ அல்லது கேட் 6 போதும். கேட் 8 வாங்கச் சொல்பவர் விற்பவராகத்தான் இருப்பார்.

படி 4: செம்புதானா என்று பாருங்கள். நம் பக்கம் இதுதான் முக்கியம். மலிவான சுருள்களில் சிசிஏ வரும்: உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கையில் தூக்கினாலே எடை குறைவாக இருக்கும். உப்புக்காற்றில் பூச்சு விட்ட இடத்தில் அலுமினியம் சீக்கிரம் அரித்துப்போகும். நாலு முறை மடக்கினால் ஒடியும். பாம்பன், மண்டபம் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த மேடையில் வேலை செய்தவர்களுக்கு, பித்தளை ஜாக்கே பச்சை பூப்பது தெரிந்த கதைதான்.

படி 5: தினமும் சுருட்டி விரிக்கும் கேபிளுக்குப் பல இழை முறுக்கிய ஸ்ட்ராண்டட் வகை, கோயில் மண்டபத்தில் நிரந்தரமாகப் பதிப்பதற்கு ஒற்றைக் கம்பி, அதாவது சாலிட். ஏஇஎஸ்50-க்கு ஷீல்டு (இழைகளைச் சுற்றிய உலோக உறை) உள்ள கேபிளே வேண்டும். அந்த ஷீல்டு இரு முனையிலும் ஜாக்கின் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நிலைமின்சாரம் பாய்ந்து நடுவே சத்தம் அறுந்துவிடும். முனைக்கு ஈதர்கான் என்ற, பூட்டிக்கொள்ளும் உலோகக் கூடு போடுங்கள். பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்து ஜாக் கழன்று விழும் தொல்லை அதோடு போச்சு.

படி 6: நெட்வொர்க் கேபிள் டெஸ்டரில் 8 விளக்கும் வரிசையாக எரிந்தால் மட்டும் போதாது, ஷீல்டுக்கான 'ஜி' விளக்கும் எரிய வேண்டும். சிசிஏ கேபிளிலும் எல்லா விளக்கும் எரியும் என்பதால், டெஸ்டர் இருக்கிறதே என்று பிளேடு சோதனையை விட்டுவிடாதீர்கள்.

இழுக்கும்போது ஜெனரேட்டர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்துச் சுருட்டி, ஜாக்குக்கு மூடி போட்டு வையுங்கள். மணல் ஒட்டிய ஜாக்கை மிக்சரில் செருகவே செருகாதீர்கள்.