இத்தாலியர் வீட்டு மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலிய மொழியை ஆறு மாதம் படித்த ஒருவரை, போலோஞ்ஞா நகரில் ஒரு குடும்பத்தார் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் அமர்ந்ததும் வீட்டுக்காரர் ‘புவோன் அப்பெத்தீத்தோ’ என்கிறார். நல்ல பசியோடு உண்ணுங்கள் என்னும் பொருள்பட்ட வாழ்த்து அது. நம்மவர் உடனே ‘ஆன்கே தூ’ என்கிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனாலும் அது பிழை. ‘ஆன்கே தூ’ என்றால் ‘நீயும்’ என்று பொருள். சொல்ல வேண்டியது ‘உனக்கும்’, அதாவது ‘ஆன்கே அ தே’. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே தொடரால் சொல்லிவிடலாம் என்பதால், ஆங்கிலத்தை மனத்தில் ஓட்டி அதைப் பெயர்த்துப் பேசுகிறவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. தமிழில் நினைத்திருந்தால் நான்காம் வேற்றுமை கேளாமலே வந்து நின்றிருக்கும்.

இத்தாலியம் கற்கும் தமிழரிடம் காணப்படும் உணவு மேசைப் பிழைகளில் பெரும்பங்கு இவ்வாறு ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போவதால் வருவதே. அதே நேரத்தில் தமிழே காலை வாரிவிடும் இடங்களும் சில உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டால் திருத்திக்கொள்வது எளிது.

முதலில் அந்த வாழ்த்தையே முடித்துவிடுவோம். மறுமொழியாகப் பொதுவாகப் பயன்படுவது ‘கிராட்சியே, அல்த்ரெத்தான்தோ’. ‘நன்றி, உங்களுக்கும் அவ்வாறே’ என்பது அதன் கருத்து. நெருக்கமானவர், புதியவர் எவரிடமும் இதைச் சொல்லலாம் என்பதால், தயங்குகிறவர்கள் இதை ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தாலும் போதும். உயர்குடி நாகரிகத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுவோர் ‘புவோன் அப்பெத்தீத்தோ’ என்று சொல்வதே கூடாது என்பார்கள். விருந்தளிப்பவர் முள்கரண்டியை எடுத்தால் உண்ணத் தொடங்கலாம், அவ்வளவே என்பது அவர்கள் கட்சி. இவ்வகை நடத்தை விதிகளுக்கு இத்தாலியத்தில் ‘கலத்தேயோ’ என்று பெயர். ஜொவான்னி தெல்லா காசா எழுதி, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1558-இல் வெனிசில் அச்சான நூலின் தலைப்பே நாளடைவில் பொதுச்சொல்லாகிவிட்டது. ஆனால் நீங்கள் அமரப்போகும் மேசைகளில் பெரும்பாலானவற்றில் இந்த வாழ்த்து சொல்லப்படும். அப்போது விதியை நினைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு.

அடுத்தது முன்னிலைப் பெயர். ‘நீ’ என்பதற்குத் ‘தூ’, மரியாதைக்குரியவரை அழைக்க ‘லெய்’. நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டோடு பிறந்து வளர்ந்த நமக்கு இது கடினமாக இருக்கக் கூடாது. ஆனாலும் ஆங்கிலவழிப் பாடநூலில் படித்தவர்கள் நண்பனின் பாட்டியிடம் ‘தூ’ என்று தொடங்கிவிடுகிறார்கள். இதற்கு எதிரான பிழை தமிழிலிருந்து வருகிறது. ‘நீங்கள்’ பன்மையும் மரியாதையும் ஒருங்கே உடையது என்பதால், இத்தாலியப் பன்மையான ‘வொய்’ என்பதையே மரியாதைக்கும் பயன்படுத்துகிறோம். தென் இத்தாலியில் முதியோரை இன்றும் ‘வொய்’ என்று அழைப்பவர்கள் உண்டு. 1938-இல் முசோலினியின் அரசு ‘லெய்’ என்பதை விலக்கி ‘வொய்’ என்பதைப் புகுத்தவும் முனைந்தது. ஆயினும் இன்றைய பொதுவழக்கில் மரியாதைச் சொல் ‘லெய்’தான். அதன் நேர்ப்பொருள் ‘அவள்’. வினைமுற்றும் படர்க்கை ஒருமையில் வரும். எதிரில் நிற்பவரிடமே ‘ஐயா காப்பி சாப்பிடுகிறாரா?’ என்று படர்க்கையில் கேட்கும் நம் பழைய வழக்கை நினைத்துக்கொண்டால் இதன் தர்க்கம் பிடிபடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பலர் தடுக்கி விழுவது இதில்தான். ‘நீ உண்கிறாய்’ என்பது ‘மான்ஜி’, ‘லெய்’யோடு வரும்போது ‘மான்ஜா’. ஆனால் ஏவும்போது இது தலைகீழாகிவிடுகிறது: ‘சாப்பிடு’ என்பது ‘மான்ஜா’, ‘சாப்பிடுங்கள்’ என்பது ‘மான்ஜி’. ‘மன்னித்துக்கொள்’ என்பது ‘ஸ்கூசா’, ‘மன்னியுங்கள்’ என்பது ‘ஸ்கூசி’. உணவகத்தில் பரிமாறுபவரை அழைக்க இந்த ‘ஸ்கூசி’யே தகுந்த சொல். விரலைச் சொடுக்குவதும், ‘கமெரியேரே’ என்று தொழிற்பெயரைச் சொல்லிக் கூவுவதும் நன்றாக இரா. அருகில் இருப்பவரிடம் உப்பு கேட்பதானால் நண்பரிடம் ‘மி பாஸ்ஸி இல் சாலே?’, மற்றவரிடம் ‘மி பாஸ்ஸா இல் சாலே, பெர் ஃபவோரே?’. வேண்டியதைக் கேட்கையில் ‘வோல்யோ’ என்றால் ‘எனக்கு வேண்டும்’ என்று குழந்தை அடம்பிடிப்பது போல ஒலிக்கும்; ‘வொர்ரெய்’ என்பதே பெரியவர்கள் பேச்சு.

பசியைச் சொல்லும் இடத்திலும் ஆங்கிலம் குறுக்கே வருகிறது. ‘சோனோ ஃபாமே’ என்றால் ‘நான் பசி’ என்றாகும்; சரியானது ‘ஓ ஃபாமே’, அதாவது ‘பசி கொண்டிருக்கிறேன்’. ஓர் உணவு பிடித்திருக்கிறது என்பதற்கு ‘மி பியாச்சே’. இது அப்படியே நம்முடைய ‘எனக்குப் பிடிக்கும்’. பொருள் எழுவாயாகவும், உண்பவர் நான்காம் வேற்றுமையிலும் நிற்கும் இந்த அமைப்பை விளக்க ஆங்கிலவழிப் பாடநூல்கள் பல பக்கங்களைச் செலவிடுகின்றன. தமிழருக்கு ஒரு வரி போதும். பலபொருளானால் ‘மி பியாச்சொனோ’ என்று வினை பன்மையாவதை மட்டும் மறக்கலாகாது.

ஆனால் சமையலைப் பாராட்டும்போது தமிழே நம்மைக் கவிழ்க்கிறது. ‘நன்றாக இருக்கிறது’ என்பதில் உள்ள ‘நன்றாக’ வினையடை. எனவே அதற்கு நிகரான ‘பேனே’ என்னும் சொல்லை எடுத்து ‘எ பேனே’ என்கிறோம். உணவைச் சொல்ல வேண்டிய சொல் ‘புவோனோ’ என்னும் பெயரடை. ‘எ புவோனோ’ என்றால் நன்று, ‘எ புவொனீஸ்ஸிமோ’ என்றால் மிக நன்று.

இனி விருந்தின் உயிர்நிலையான கட்டத்துக்கு வருவோம். தட்டு காலியானதும் வீட்டுக்காரப் பெண்மணி கரண்டியோடு நிற்கிறார்: ‘நெ வுவோய் அன்கோரா?’, இன்னும் கொஞ்சம் வேண்டுமா? இதற்கு வெறும் ‘கிராட்சியே’ என்று மட்டும் சொன்னால் வேண்டும் என்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா என்பது தெளிவாகாது. தெளிவாகாத இடத்தில் தட்டு நிறைந்துவிடும். வேண்டுமென்றால் ‘சீ, கிராட்சியே’ அல்லது ‘மகிழ்ச்சியோடு’ என்னும் பொருளில் ‘வொலென்தியேரி’. ஆம் என்பதற்கு ‘சீ’ என்று சொல்வது, தமிழ்க் காதுக்கு, அதுவும் சோற்றின் முன்னால், முதலில் சற்றுக் கூச்சமாகவே இருக்கும். பழகிவிடும்.

வேண்டாம் என்றால் ‘சோனோ பியேனோ’, அதாவது ‘நிறைந்துவிட்டேன்’ என்று பலர் சொல்கிறார்கள். நம்மிடையே ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்பது சமைத்தவருக்குத் தரும் பாராட்டு. அங்கே நண்பர்களிடையே செல்லுபடியானாலும் மரியாதையான மேசையில் கொச்சையாகக் கருதப்படும். நாம் இலையை மறைத்துக்கொண்டு ‘போதும், போதும்’ என்பதுபோல ‘பாஸ்தா’ என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்துவது இன்னும் மோசம். ‘நிறுத்து’ என்று அதட்டுவது போலாகிவிடும். ‘ஸ்தோ பேனே கொசீ, கிராட்சியே’ என்பதே இடத்துக்கேற்ற மறுப்பு. இந்த அளவே எனக்கு நிறைவு, நன்றி என்பது அதன் கருத்து.

அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. முதல் மறுப்பை மரியாதைக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு அவர் ‘சென்ட்சா கொம்ப்ளிமேன்தி!’ என்பார். ‘கொம்ப்ளிமேன்தோ’ என்றால் பாராட்டு என்று அகராதியில் படித்தவர், தம்மைப் பாராட்டுகிறார்கள் என்றெண்ணி நன்றி சொல்வதும், நன்றியைச் சம்மதமாகக் கொண்டு அவர் பரிமாறிவிடுவதும் நடக்கும். உண்மையில் அத்தொடர் நம் வீடுகளில் சொல்லும் ‘கூச்சப்படாமல் சாப்பிடுங்கள்’ என்பதேதான். இரண்டாவது முறையும் மறுப்பதானால் ‘உண்மையாகவே’ என்னும் ‘தவ்வேரோ’ என்ற சொல்லைச் சேர்த்து, எல்லாம் மிக நன்றாக இருந்தது என்று ‘எரா தூத்தோ புவொனீஸ்ஸிமோ’ என்றும் சொல்லிவிடுங்கள். மனம் இளகினால் ‘உன் பொக்கீனோ’, ஒரு துளி. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பாஸ்தா வந்ததும் அதுவே விருந்து என்றெண்ணி இரண்டு முறை வாங்கி உண்பவர்கள் பின்னால் தவிக்கிறார்கள். அது ‘ப்ரீமோ’, முதல் உணவு. அதன்பின் ‘செகோன்தோ’ என்னும் இறைச்சி அல்லது மீன் உணவும், கூடவே காய்கறியும், பிறகு இனிப்பும் காப்பியும் வரிசையில் காத்திருக்கும்.

மேலே ‘போதும்’ என்பதற்கும் உணவுக்கும் ஒரே எழுத்தில் ‘பாஸ்தா’ என்று வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பவர்களுக்கு இது பொறி. ‘பம்பரம்’ என்னும் சொல்லின் முதல் எழுத்தின் ஒலி உணவுக்கு உரியது. மூன்றாம் எழுத்தின் ஒலி ‘போதும்’ என்பதற்கு. ஒற்று இரட்டிப்பதில் மட்டும் நமக்கு இயல்பான வலிமை உண்டு. கனியையும் கன்னியையும் ஒரு நாளும் குழப்பாத நாம், ‘பென்னெ’ பாஸ்தாவைக் கேட்கும்போது ஆங்கிலேயரைப் பின்பற்றி னகர ஒற்றை விழுங்கக் கூடாது. விழுங்கினால் அது ஆண்குறியைக் குறிக்கும் சொல்லாகிவிடும். அதுபோலவே ‘ப்ருஷெட்டா’ அன்று, ‘ப்ருஸ்கெத்தா’. ‘நோச்சி’ அன்று, ‘ஞோக்கி’. நம் ஞகரம் அங்கே அப்படியே பொருந்துகிறது.

சொல்லின் தோற்றம் ஏமாற்றும் இடங்களில் தலையாயது உணவைக் கெடாமல் காக்கும் வேதிப்பொருளைப் பற்றியது. இத்தாலியத்தில் அதற்குக் ‘கொன்செர்வான்தி’ என்று பெயர். ஆங்கிலச் சொல்லை இத்தாலியமாக்கி, இந்தப் பழக்கூழில் ‘ப்ரெசெர்வத்தீவி’ உண்டா என்று கேட்டால் ஆணுறை உண்டா என்று கேட்டதாகும். காப்பிக் கடையில் ‘லாத்தே’ என்று கேட்டால் ஒரு குவளைப் பால் மட்டுமே வரும். பட்டியலில் ‘பெபெரோனி’ என்று கண்டு அமெரிக்கப் பீட்சாவின் இறைச்சி என்று ஒதுக்கும் சைவர்கள் குடைமிளகாயை இழக்கிறார்கள். மாறாக, இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம், இறைச்சிச்சாற்றில் வெந்த சோறும் வரலாம். ‘நெ கார்னே நெ பேஷே’, இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று விரித்துச் சொல்வதே பாதுகாப்பு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது என்பதையும் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நடத்தையில் சில. ஸ்பகெத்தியைக் கத்தியால் நறுக்கக் கூடாது. முள்கரண்டியில் சுற்றி உண்ண வேண்டும். கைகளை மடியில் ஒளிக்காமல் மணிக்கட்டு மேசை விளிம்பில் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கையை ஊன்றக் கூடாது. இடக்கையால் ரொட்டியை நீட்டுவதில் அங்கே இழுக்கு எதுவும் இல்லை, ஆனால் ஏப்பம் விட்டால் உண்டு. தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் வழித்து உண்பதை ‘ஸ்கார்பெத்தா’ என்பார்கள். சின்னச் செருப்பு என்பது அச்சொல்லின் பொருள். வீட்டில் செய்தால் சமைத்தவர் மகிழ்வார், முறையான விருந்தில் செய்யாதிருப்பது நல்லது. பூங்கொத்து கொண்டுபோவதானால் சாமந்தியைத் தவிருங்கள். நமக்குப் பூசைக்குரிய அந்தப் பூ, நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோர் நினைவில் கல்லறைகளில் வைக்கப்படுவது.

உணவகமானால், கேட்காமல் பற்றுச்சீட்டு வராது. கவனிக்கவில்லையே என்று சினம் கொள்ளாமல் ‘இல் கோன்தோ, பெர் ஃபவோரே’ என்று கேட்க வேண்டும். அதில் ‘கொப்பேர்தோ’ என்று ஆளுக்கு இவ்வளவு என ஒரு தொகை இருந்தால் அது ஏமாற்று அன்று. பல ஊர்களில் இருக்கைக்கும் ரொட்டிக்குமாக வாங்கும் வழக்கமான கட்டணம். பங்கிட்டுக் கொடுப்பதை ‘அல்லா ரொமானா’, உரோமானிய முறை என்பார்கள். ‘ஒஃப்ஃப்ரோ’ என்னும் வினையை மட்டும் எண்ணிப் பயன்படுத்துங்கள். ‘ஒஃப்ஃப்ரோ யோ’ என்று சொன்னவர், காப்பி வேண்டுமா என்று உபசரிப்பதோடு நிற்பதில்லை. பணம் தம்முடையது என்று அறிவித்துவிடுகிறார்.