வெள்ளவத்தையிலிருந்து பேக்கர் அருவிக்கு: ஹோட்டன் சமவெளிக்குப் புறப்படுமுன்

விடுமுறைக்குக் கொழும்பு வந்து வெள்ளவத்தையில் தங்கும் உறவினர்களில் பலர், ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குச் சென்று பேக்கர் அருவியைப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பிவிடலாமா என்று கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே எப்போதும் என் பதில். நுவரெலியாவை அடையவே ஐந்தாறு மணித்தியாலம் ஆகும். அங்கிருந்து பூங்காவுக்கு இன்னும் ஏறக்குறைய 32 கிலோமீற்றர் மலைப்பாதை. பூங்காவிலோ அதிகாலைதான் தெளிவான பொழுது. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆகவே முதல் நாள் பகலில் புறப்பட்டு, நுவரெலியாவிலோ பட்டிப்பொலப் பக்கத்திலோ இரவு தங்கி, விடியுமுன் கிளம்புங்கள்.

அந்த முதல் நாளும் வீண் போகாது. அவிசாவளை, கித்துல்கல, ஹற்றன் வழியாகச் சென்றால், தலவாக்கலையை அடையுமுன் டெவோன், சென் கிளயர் ஆகிய இரு அருவிகளையும் வீதியோரத்தில் நின்றபடியே பார்க்கலாம். முழங்கால் வலியுள்ள பெற்றோருடன் செல்வோருக்கு இவையே பெரிய கொடை. புகையிரதத்தில் செல்ல விரும்புவோர், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகப் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தியதை மனத்திற்கொண்டு, வண்டி எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று கோட்டை நிலையத்தில் விசாரித்த பின்னரே தங்குமிடத்தைப் பதிவு செய்ய வேண்டும். மழை நாட்களாயின், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் முதல் நாளிரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

வானம் தெளிந்திருப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆனால் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை கிடைப்பதோ ஜூலை, ஆகஸ்டில். அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். அப்போது அருவியில் நீர் நிறைந்திருக்கும், உலக முடிவு எனும் செங்குத்து மலைவிளிம்பிலோ வெள்ளைப் புகாரைத் தவிர எதுவும் தெரியாமல் போகலாம். இதை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும்.

நுழைவுச்சீட்டு வெளிநாட்டவருக்கு உள்நாட்டவரைவிடப் பல மடங்கு அதிகம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று வாயால் சொல்வது அங்கு போதாது. தேசிய அடையாள அட்டையோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்கள் அதை விடுதியில் விட்டுவிடாமல் கையோடு கொண்டு செல்ல வேண்டும்.

வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். ஒருமுறை என் சித்தி, இடியப்பமும் சம்பலும் லன்ச் ஷீட் எனும் பொலித்தீன் தாளில் சுற்றிப் பத்துப் பொதிகளாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். காவலர் ஒவ்வொன்றையும் பிரிக்கச் சொன்னதோடு, தண்ணீர்ப் போத்தலின் மேலுறையையும் நகத்தால் உரித்தெடுத்தார். சித்திக்குக் கோபம் வந்தது. எனக்கோ அந்தக் காவலர்மீது மரியாதையே வந்தது. அங்குள்ள மரை எனும் பெரிய மான்கள் மனிதரைக் கண்டு பழகியவை. உணவின் வாசனைக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும். வாழையிலையும் எவர்சில்வர்ப் பெட்டியும் கொண்டு போனால் வாயிலில் எந்தத் தாமதமும் இல்லை. மரைக்கு ஒரு துண்டு பாண்கூடக் கொடுக்காதீர்கள்.

ஃபார் இன் எனும் இடத்தில் நடை தொடங்குகிறது. சுற்றுப்பாதை ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீற்றர். மூன்று, நான்கு மணித்தியாலம் வேண்டும். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், புகார் ஏறுமுன் சின்ன உலக முடிவையும் உலக முடிவையும் பார்த்துவிட்டு, அருவியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அருவிக்கு வெயில் தேவையில்லை. முழுச் சுற்றும் நடக்க முடியாத முதியோரோ, அடிவானமே தெரியாத நாளில் வந்தவர்களோ, நேரே அருவிப் பக்கம் திரும்பி அதே வழியில் மீளலாம்.

நுவரெலியாவில் சில காலம் வாழ்ந்து, பிற்பாடு நைல் நதியின் ஊற்றைத் தேடி ஆபிரிக்கா சென்ற சாமுவேல் பேக்கரின் பெயரைத் தாங்கிய இந்த அருவி, பெலிகுல் ஓயாவில் 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. உயரம் பெரிதல்ல. ஆனால் கருங்கல்லின் படிகளில் நீர் பல கிளையாகப் பிரிந்து, மரப்பன்னங்களின் நடுவே வெண்விசிறிபோல் விரியும்போது, முன்னே நிற்பவரின் மூக்குக்கண்ணாடி முழுவதும் சாரல் படிந்துவிடும்; நான் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறேன்.

அங்கு இறங்கும் வழி செங்குத்தானது, ஈரமானது, மரவேர்கள் குறுக்கே ஓடுவது. சேலையும் செருப்புமாக வந்தவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். அடிப்பகுதி வழுக்காத சப்பாத்து அவசியம். நீரில் இறங்கிக் குளிப்பதற்குத் தடை உண்டு, பாறைகளின் பாசியைப் பார்த்தாலே காரணம் விளங்கும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலான இடமாதலால், கொழும்பு வெக்கையில் பெட்டியைக் கட்டும்போது மறந்துபோகும் கம்பளிச் சட்டையையும் மழையங்கியையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். உலர்ந்த காலுறை ஒரு சோடியும் வாகனத்தில் இருக்கட்டும். நடை முடிந்து ஃபார் இன்னுக்கு மீளும்போது முதலில் தேடுவது அதைத்தான்.